டாலி பார்ட்டன், 1977: கன்ட்ரியை விட்டுப் போனாரா, கூடவே கொண்டு போனாரா?

மலைச்சாரல்

1977ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டுப்புற வேரிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் பாடகி டாலி பார்ட்டன், லாஸ் ஏஞ்சலிஸில் 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாடலைப் பதிவு செய்கிறார். எழுதியவர்கள் பாரி மானும் சிந்தியா வைலும். நியூயார்க் பாப் உலகில் கைதேர்ந்த தம்பதி. தயாரிப்பாளர் கேரி கிளைன். பியானோவில் தொடங்கி, சுருதி ஏறி ஏறிப் போகும் அப்பட்டமான பாப் பாட்டு. பதிவைக் கேட்ட டாலிக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. கன்ட்ரியின் அடையாள வாத்தியமான ஸ்டீல் கிட்டாராவது இதில் கேட்க வேண்டும் என்று கிளைனிடம் மன்றாடினார். ஆல் பெர்கின்ஸ் என்ற கலைஞரை அழைத்து அதைச் சேர்த்தார்கள். நாளை யாராவது 'இது கன்ட்ரியே இல்லை' என்று சொன்னால், எடுத்துக் காட்ட அவருக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது.

பாடல் கன்ட்ரி பட்டியலில் ஐந்து வாரம் முதலிடம். எல்லா வகைப் பாடல்களும் போட்டியிடும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம். அதே பெயரில் வந்த தொகுப்பு பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அவருடைய தொகுப்புகளில் அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல்.

இந்தப் பெண் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால்தான் அந்தக் கலக்கம் புரியும். 1946ல் கிழக்கு டென்னசியில் செவியர் மாவட்டத்து மலைப்பகுதியில், ஒற்றை அறை மரவீட்டில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. அவரைப் பிரசவம் பார்த்த மருத்துவருக்கு அப்பா கூலியாகக் கொடுத்தது ஒரு மூட்டைச் சோளமாவு. 1964ல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் புறப்பட்டார். 1967ல் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். அங்கிருந்து ஏழு ஆண்டுகளில் கன்ட்ரி உலகின் உச்சத்துக்கு வந்தார்.

அந்த உச்சியில் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை. 1976ல் சாண்டி கேலின் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் மேலாளரை அமர்த்திக்கொண்டார். நாஷ்வில்லில் முணுமுணுப்பு எழுந்தபோது, கன்ட்ரியை விட்டுப் போகவில்லை, அதை என்னோடு கூட்டிப் போகிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார்.

அந்தப் பதிலை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் ஸ்டீல் கிட்டார் அதற்குக் காரணம் ஆகாது. பாடல்களின் உரிமைப் பத்திரங்களைத் தன் கையிலேயே வைத்திருந்தாரே, அதனால்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய இசைத்தட்டு

நண்பரே, உரிமைப் பத்திரம் பணத்துக்குச் சான்று. பாட்டுக்குச் சான்று ஆகுமா? டாலியின் 1971 தொகுப்பான 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' கேட்டவர்கள் 1977ஐக் கேட்டால் மனம் கசந்துதான் போகும். அந்தத் தலைப்புப் பாட்டை அவர் போர்ட்டர் வேகனரோடு பேருந்தில் போகும்போது எழுதினார். எழுதக் காகிதம் இல்லை. போர்ட்டரின் சலவைக் கடை ரசீதை எடுத்து அதன்மேல் எழுதினார். கந்தல் துணிகளை ஒட்டுப் போட்டு அம்மா தைத்துக் கொடுத்த கோட்டு, அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன குழந்தையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தது, இவ்வளவுதான் பாட்டு. ஒரு சொல்லைக்கூட எடுத்துவிட முடியாது.

இதற்குப் பக்கத்தில் 'ஹியர் யூ கம் அகெய்ன்' வைத்துப் பாருங்கள். அதை யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். அந்தப் பாட்டில் மலை இல்லை, அம்மா இல்லை, பசி இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. போர்ட்டரை விட்டு வந்த பிறகு டாலியின் பின்னணிக் குழுவில் இருந்தவர்கள் அவருடைய சொந்தச் சகோதரர்களும் உறவினர்களும்தான். டிராவலிங் ஃபேமிலி பேண்ட் என்றே பெயர். பாப் பக்கம் திரும்பும்போது அந்தக் குழுவைக் கலைத்தார். ஜிப்சி ஃபீவர் என்ற புதிய குழு வந்தது. கன்ட்ரியைக் கூடவே கொண்டு போனவர் கூடப் பிறந்தவர்களை ஏன் விட்டுப் போனார்?

கம்பிவிரல்

ஸ்டீல் கிட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஏதோ ஒப்புக்குச் சேர்த்த வாத்தியம் போல இருவரும் பேசுகிறீர்கள்.

கிட்டாரை மடியில் கிடத்தி, இடது கையில் ஓர் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின்மேல் நகர்த்தும் முறை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஜோசப் கெகுகு. அமெரிக்க நிலப்பரப்புக்கு வந்து, மின்சாரம் ஏறி, பிறகு கால் மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் பொருத்தப்பட்டுப் பெடல் ஸ்டீல் ஆனது. பெரும்பாலும் பத்துத் தந்திகள். மிதியை அழுத்தினால் ஒலித்துக்கொண்டிருக்கும் நாண்கூட்டுக்குள்ளேயே ஒரு தந்தியின் சுரம் மட்டும் வழுக்கி மேலேறும், மற்றவை அசையாமல் நிற்கும். கமகம் கேட்டுப் பழகிய காது சட்டென்று நிமிர்ந்து உட்காரும் இடம் அது. மனிதக் குரல் உடைவதற்கு மிக அருகில் வரும் ஓசை.

இதை வைத்துத்தான் நாஷ்வில்லில் எல்லாச் சண்டையும் நடந்தது. 1950களின் இறுதியில் ராக் அண்ட் ரோல் வந்து கன்ட்ரி விற்பனையை அடித்துப் போட்டபோது, தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் ஒரு வழி கண்டார்கள். ஃபிடிலையும் (கன்ட்ரி பாணியில் வாசிக்கும் வயலின்) ஸ்டீலையும் ஒதுக்கு, வயலின் கூட்டத்தையும் மெல்லிய கோரஸையும் கொண்டு வா. பாடகி பேட்ஸி கிளைன் 1961ல் 'கிரேஸி' பாடி பாப் பட்டியலில் ஒன்பதாம் இடத்துக்கு வந்தது அந்த வழியில். எழுதியவர் அப்போது பெரிதாக அறியப்படாத வில்லி நெல்சன். சில மாதம் முன்பு நடந்த கார் விபத்தின் காயம் ஆறாத நிலையில் பேட்ஸி அதைப் பாடினார். அந்தக் குரலில் ஒரு குறையும் தெரியாது.

அன்று பாப் ஆவதற்காக ஸ்டீலை ஒதுக்கச் சொன்னார்கள். 1977ல் பாப் ஆகிக்கொண்டிருந்த ஒரு பெண் அதைத் திரும்ப உள்ளே கொண்டு வரச் சொல்கிறார். இதை நான் சிறிய செயலாக நினைக்கவில்லை. பெர்கின்ஸ் வாசித்திருப்பதை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். குரலுக்கு இடம் விட்டு, அது முடியும் இடத்தில் மட்டும் நுழைகிறார்.

நள்ளிரவு வானொலி

'யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம்' என்கிறார் பழைய இசைத்தட்டு. சரி, அப்படியானால் டாலி மட்டுமே எழுதியிருக்கக்கூடிய 'ஜோலீன்' என்ன ஆனது? 1974 தொடக்கத்தில் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ஹாட் 100ல் அறுபதாம் இடத்தோடு நின்றது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு, தன் நாட்டிலேயே பாப் வானொலியில் நுழைய முடியவில்லை. அதே பாட்டு 1976ல் பிரிட்டனில் ஏழாம் இடத்துக்கு வந்தது. பாட்டு ஒன்றுதான், குரல் ஒன்றுதான். வேறுபட்டது வாசல்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கன்ட்ரி நிலையங்களும் பாப் பாட்டுகளைப் போடும் டாப் 40 நிலையங்களும் தனித்தனி உலகங்கள். எந்தப் பாட்டு சுழற்சியில் போக வேண்டும் என்று நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர் முடிவு செய்வார். இசைத்தட்டு நிறுவனத்தின் ஆட்கள் அவரை நேரில் பார்த்துப் பேசித் தட்டைக் கொடுப்பார்கள். நாஷ்வில் கிளையின் ஆட்கள் கன்ட்ரி நிலையங்களுக்கு மட்டுமே போவார்கள். ஒரு பாடகியை நாஷ்வில் கிளை வைத்திருக்கும்வரை பாப் நிலையத்தின் மேசைக்கு அவர் தட்டு போவது அரிது. அன்றைய ஹாட் 100 விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஒலிபரப்பு இல்லாமல் மேலே ஏற வழியே இல்லை.

டாலி 1977ல் லாஸ் ஏஞ்சலிஸ் தயாரிப்பாளரையும் மேலாளரையும் பிடித்ததும், ஜானி கார்சனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்ததும் அந்த வாசலைத் திறக்கத்தான். பாட்டின் தரத்தை வைத்து மட்டும் இதைப் பேசினால் பாதிக் கதை விட்டுப் போகும்.

முதல்வாசகி

இந்த இசையை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். போர்ட்டர் வேகனர் யார்? அவரை விட்டு வருவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? உரிமைப் பத்திரம் என்று மலைச்சாரல் சொன்னதும் புரியவில்லை. கொஞ்சம் விளக்குவீர்களா?

மலைச்சாரல்

அவசியம் சொல்கிறேன் அம்மா. நான் சொல்ல வந்ததன் மையமே அதுதான்.

போர்ட்டர் வேகனர் மிசூரியிலிருந்து வந்த பாடகர். கண்ணைப் பறிக்கும் சரிகை உடைகளில் வருவார். அவருடைய வாராந்தர நிகழ்ச்சி ஊர் ஊராகப் பல நிலையங்களில் ஒளிபரப்பானது. கூடப் பாடிய நார்மா ஜீன் 1967ல் விலக, அந்த இடத்தில் டாலி வந்தார். தொடக்கத்தில் பார்வையாளர்கள் அவரை ஏற்கவில்லை, நார்மா ஜீனைக் கேட்டுக் குரல் எழுப்பினார்கள். போர்ட்டர் அவரோடு சேர்ந்து ஜோடிப் பாடல்கள் பாடிக் கைதூக்கிவிட்டார். நன்றிக்கடன் பெரிது. ஆனால் பிடியும் இறுக்கம். என்ன பாடுவது, எப்படிப் பதிவு செய்வது என்பதெல்லாம் அவர் சொற்படிதான். 1973ல் விலக வேண்டும் என்று டாலி எவ்வளவோ வாதாடியும் காதில் விழவில்லை. அதனால் சொல்ல வந்ததைப் பாட்டாக எழுதிப் பாடிக் காட்டினார். அதுதான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. போர்ட்டர் அழுதுவிட்டு, அந்தப் பாட்டை நான் தயாரிக்கிறேன் என்றால் போகலாம் என்றாராம். டாலி இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் உறவு கசந்தது. 1979ல் போர்ட்டர் முப்பது லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்; நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது.

இப்போது உரிமை. ஒரு பாட்டுக்கு இரண்டு சொத்து உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவு. அது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்துடையது. மற்றொன்று, எழுதப்பட்ட பாட்டும் மெட்டும். அதன் வெளியீட்டு உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு யார் பாடினாலும் பங்கு வரும். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் பாட்டை எழுதியவருக்கும் வெளியீட்டாளருக்கும்தான் பணம்; பாடியவருக்குக் கிடையாது.

'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்ததும் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். டாலிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதிவுக்குச் சற்று முன்பு எல்விஸின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர் தொலைபேசியில் வந்தார். வெளியீட்டு உரிமையில் பாதி எங்களுக்கு, இல்லையென்றால் எல்விஸ் பாட மாட்டார். அப்போது எல்விஸுக்கு மறுப்புச் சொல்ல யாருக்குத் துணிவு இருந்தது? டாலி மறுத்தார். மறுத்துவிட்டு இரவெல்லாம் அழுததாகச் சொல்லியிருக்கிறார்.

1992ல் விட்னி ஹியூஸ்டன் அதே பாட்டைப் பாடினார். ஹாட் 100ல் பதினான்கு வாரம் முதலிடம். அமெரிக்க வானொலியில் அது ஒலித்த ஒவ்வொரு முறையும் பங்கு டாலிக்குப் போனது. அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் அலுவலக வளாகத்தை வாங்கியதாகவும், விட்னியின் நினைவில் அப்படிச் செய்ததாகவும் 2021ல் சொன்னார்.

மலையில் சோளமாவு மூட்டையில் தொடங்கிய குடும்பத்துப் பெண், இருபத்தெட்டு வயதில், உலகின் மிகப் பெரிய பாடகருக்குக்கூடத் தன் பாட்டில் பாதியைக் கொடுக்க மறுத்தார். அதனால்தான் 1977ல் எந்த ஓசையோடும் துணிந்து சோதித்துப் பார்க்க முடிந்தது. எது தோற்றாலும் பாட்டுகள் அவருடையவை.

பழைய இசைத்தட்டு

எல்விஸ் கதையைக் கேட்டுக் கை தட்டத்தான் வேண்டும். ஆனால் 1974ல் நடந்த இன்னொன்றை யாரும் பேசவில்லை. அந்த ஆண்டு கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் சிறந்த பாடகி விருதை ஒலிவியா நியூட்டன் ஜானுக்குக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி. கொதித்துப்போன நாஷ்வில் கலைஞர்கள் ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் கூடி, கன்ட்ரி இசையின் அடையாளத்தைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அதில் போர்ட்டர் இருந்தார். டாலியும் இருந்தார்.

பாப் வந்து கன்ட்ரியை விழுங்குகிறது என்று 1974ல் சங்கம் சேர்ந்தவர், 1977ல் மான், வைல் எழுதிய பாட்டைப் பாடுகிறார். 1978ல் அதே அசோசியேஷன் அவருக்கு ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருதையும் கொடுக்கிறது. என்னைப் போன்ற கன்ட்ரி ரசிகர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நள்ளிரவு வானொலி

அந்தச் சங்கத்தின் அச்சம் நியாயமானது. கன்ட்ரி நிலையங்களிலேயே பாப் பாடகர்களின் தட்டுகள் சுழன்றால், ஜார்ஜ் ஜோன்ஸ் போன்றவருக்கு ஒலிபரப்பு நேரம் குறையும், கச்சேரிக் கட்டணம் குறையும். அது பிழைப்பின் கேள்வி. அதனால்தான் கோபம் 1975லும் ஆறவில்லை. கன்ட்ரி பாடகர் சார்லி ரிச் விருது மேடையில் உறையைப் பிரித்து, பாப் பக்கத்திலிருந்து வந்த ஜான் டென்வர் பெயரைப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டை லைட்டரால் கொளுத்தினார். அந்த ரிச்சே 1973ல் பாப் பட்டியலில் முதலிடம் வந்தவர். கோபப்பட்டவர்கள் எல்லாரும் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நின்றவர்கள் அல்லர்.

வெளியிலிருந்து உள்ளே வந்தவருக்கும், உள்ளிருந்து வெளியே போனவருக்கும் வேறுபாடு உண்டு. ஒலிவியா வந்ததால் நாஷ்வில் பாடகிகளுக்கு இடம் குறைந்தது. டாலி போனதால் யாருடைய இடமும் குறையவில்லை.

தெற்குவாசல்

உள்ளே, வெளியே என்று பேசுகிறோம். வாசலில் நின்று யாரை அனுமதிப்பது என்று தீர்மானித்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். கன்ட்ரியில் ஒலிக்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வாத்தியம். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் தொடக்க கால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பின ஹார்மோனிகா கலைஞர். ஆனாலும் 1962ல் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் கன்ட்ரி பாட்டுகளைத் தொகுத்துப் பாடியபோது நடந்தது என்ன? டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ' ஹாட் 100ல் ஐந்து வாரம் முதலிடம். கன்ட்ரி பட்டியலில் இடமே இல்லை.

கறுப்பினக் கன்ட்ரி பாடகர் சார்லி பிரைடின் முதல் தட்டுகளை நிறுவனம் அவருடைய படமில்லாமல் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. குரலைக் கேட்டு ரசிகர்கள் ஏற்ற பிறகே முகம் வெளியே வந்தது. 1971ல் அவர்தான் தலைசிறந்த கலைஞர் விருது பெற்றார். 2019ல் கறுப்பின ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு எடுத்துவிட்டது. பாட்டு ஹாட் 100ல் பத்தொன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. 2024ல்தான் ஒரு கறுப்பினப் பெண், பியான்சே, கன்ட்ரி பட்டியலில் முதலிடம் வந்தார். அந்தத் தொகுப்பில் 'ஜோலீன்' உண்டு, டாலியின் பேச்சுக் குரலும் உண்டு.

டாலி எல்லைக் கோட்டைத் தாண்டியபோது முணுமுணுப்போடு விட்டார்கள், மறு ஆண்டே விருது கொடுத்தார்கள். அந்தப் பொறுமை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. டாலியின் பெருமையை இது ஒரு துளியும் குறைக்காது. ஆனால் அவர் தாண்டிய கோடு எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இல்லை.

முதல்வாசகி

'நைன் டு ஃபைவ்' பற்றி யாரும் எழுதவில்லையே! நான் அலுவலகத்தில் வேலை செய்பவள். எனக்கு டாலி அறிமுகமானதே அந்தப் பாட்டில்தான்.

1980ல் வந்த அந்தப் படத்தில் ஜேன் ஃபோண்டா, லில்லி டாம்லினோடு டாலி முதன்முறையாக நடித்தார். படப்பிடிப்பு இடைவேளைகளில் தன் நீளமான செயற்கை நகங்களை ஒன்றோடொன்று உரசித் தட்டினால் தட்டச்சுப் பொறி போலச் சத்தம் வருவதைக் கவனித்து, அந்தத் தாளத்தின்மேல் பாட்டைக் கட்டினார். ஒலிப்பதிவிலும் அந்த நகச் சத்தம் இருக்கிறது. தெரிந்த பிறகு கேட்டால் காது அதையே தேடிப் போகிறது. படத்தின் தலைப்பே பாஸ்டனில் 1973ல் பெண் அலுவலக ஊழியர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர்தான்.

1981 தொடக்கத்தில் பாட்டு கன்ட்ரி, பாப் இரண்டிலும் முதலிடம் தொட்டது. காலையில் எழுந்து காபி குடித்து, யாரோ மேலே ஏற நாம் உழைத்துக் கொடுப்பதைப் பற்றிய பாட்டு. அதில் மலை இல்லை, சரிதான். ஆனால் பசி இல்லை என்று பழைய இசைத்தட்டு ஐயா சொல்ல முடியுமா?

கம்பிவிரல்

நல்ல கேள்வி. ஒரு சிறு குறிப்பு மட்டும். உலக அளவில் நான்கு கோடிப் பிரதிகளை எட்டிய பாடகி ஷனையா ட்வெய்னின் 1997 தொகுப்புக்கு, அமெரிக்காவுக்கு ஓர் ஒலிக்கலவையும் வெளிநாடுகளுக்கு ஓர் ஒலிக்கலவையும் செய்தார்கள். வெளிநாட்டுப் பதிப்பில் ஃபிடிலும் ஸ்டீலும் பின்னுக்குப் போயின. சந்தைக்கு ஏற்ப வாத்தியத்தைக் கழற்றி மாட்டும் வேலை அப்போது முழுமை பெற்றது. டாலிக்கு இரண்டு பதிப்பு கிடையாது. கன்ட்ரி நிலையத்துக்குப் போன தட்டும் பாப் நிலையத்துக்குப் போன தட்டும் ஒன்றுதான்.

பழைய இசைத்தட்டு

முதல்வாசகி, 'நைன் டு ஃபைவ்' டாலி தானே எழுதியது. அதற்கு நான் எதிரியில்லை. 1983ல் கென்னி ராஜர்ஸோடு பாடி முதலிடம் வந்த 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' பீ ஜீஸ் சகோதரர்கள் எழுதியது. நமக்குள் இருக்கும் மிகச் சிறந்த பாட்டு எழுத்தாளர்களில் ஒருவர், மற்றவர் எழுதியதைப் பாடித்தான் பெரும் கூட்டத்தைச் சென்றடைந்தார் என்பதே என் வருத்தம். உறவினர் குழுவைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

மலைச்சாரல்

குழுவைக் கலைத்தது வலித்திருக்கும், ஐயா. அதை நியாயப்படுத்த மாட்டேன். பெரிய அரங்குகளுக்கும் தொலைக்காட்சிக்கும் தேவைப்பட்ட வாசிப்பைத் தேர்ந்த கலைஞர்களிடம் தேடினார். சொந்தக்காரர்கள் விலை கொடுத்தார்கள். அதையும் சேர்த்துத்தான் இந்த ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும். குடும்பத்தை அவர் அடியோடு விட்டுவிடவில்லை என்பதற்கு 1986ல் செவியர் மாவட்டத்திலேயே திறந்த டாலிவுட் பூங்கா சாட்சி. அங்கே மேடையேறிப் பாடியவர்களில் அவருடைய உடன்பிறந்தவர்களும் உண்டு.

மற்றவர் பாட்டைப் பற்றி: 1977க்குப் பிறகு வந்த பணத்தையும் பெயரையும் வைத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1987ல் பாடகிகள் எம்மிலூ ஹாரிஸ், லிண்டா ரான்ஸ்டாட் இருவரோடும் மலைப்பாட்டு வாடையில் 'ட்ரியோ' தொகுப்பு. 1999ல் 'த கிராஸ் இஸ் ப்ளூ'. முழுக்க ப்ளூகிராஸ் என்ற மலைநாட்டுத் தந்தி இசை, ஒரு மின்கிட்டார் கிடையாது. ஜெர்ரி டக்ளஸின் டோப்ரோ (உலோகத் தகடு பதித்த கிட்டார்), சாம் புஷ்ஷின் மேண்டலின், ஸ்டூவர்ட் டங்கனின் ஃபிடில். கன்ட்ரி வானொலி அவரை ஒதுக்கிவிட்டிருந்த காலம் அது. பெரிய நிறுவனம் இல்லை, பட்டியல் கவலை இல்லை. 2001ல் சிறந்த ப்ளூகிராஸ் தொகுப்புக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. வானொலியின் தயவில் பிழைக்கும் பாடகியால் ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஒரு தொகுப்பைப் பதிவு செய்ய முடியாது. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' சம்பாதித்துக் கொடுத்த சுதந்திரம் அது.

1971 தொகுப்பையும் 1999 தொகுப்பையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள். நடுவில் 1977ஐ வைக்க வேண்டாம்.

பழைய இசைத்தட்டு

1999 தொகுப்பு என்னிடம் இருக்கிறது. ஜெர்ரி டக்ளஸ் வாசிப்புக்காகவே வாங்கியது. அதில் டாலியின் குரல் 1971ல் இருந்ததைவிட ஆழமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். 1977 பற்றிய என் கருத்து மாறவில்லை. கம்பிவிரல், 'ட்ரியோ' தொகுப்பில் யார் யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள் என்று எழுதுங்கள். அதில் பேச நிறைய இருக்கிறது.